கரையில் கயிறு பிடிக்கிறவன்

என் மகள் ஜெனிக்கு,

போன கிழமை நீ போனில், "அம்மா, கலியாணத்தை நிப்பாட்டச் சொல்லுங்கோ" என்று சொன்னாய். நான் "சரி, பிறகு கதைப்பம்" என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ எடுத்தபோதெல்லாம் கறி அடுப்பில் இருக்கிறது, ஆள் வந்திருக்கிறது என்று சாட்டுச் சொல்லி வைத்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை, ஆளும் வரவில்லை. போனில் கதைத்தால் நீ அழுவாய். நீ அழுதால் நான் உடனே "சரி சரி, உன் விருப்பம்" என்று சொல்லிவிடுவேன். சின்ன வயதிலிருந்து நீ என்னை அப்படித்தான் வென்றுகொண்டு வருகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். வவுனியாவில் இருந்து நீ எவ்வளவு அழுதாலும் எனக்குக் கேட்காது. நான் சொல்ல வந்ததை முழுவதும் சொல்லி முடிக்கலாம். உன்னோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்து விடுதியில் தங்கியிருக்கிற பிள்ளைகள் வாசித்தாலும் பரவாயில்லை. நீ கட்டப்போகிற நிக்சன் தம்பிக்கும் காட்டு. எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை.

நிக்சன் தம்பியில் ஒரு குறையும் இல்லை என்று நீயே சொல்கிறாய். அவரின் தாய் நல்ல மனுசி, என்னோடு கதைக்கும்போது மூட்டு வருத்தத்துக்கு மருந்தெல்லாம் சொல்கிறா. குறை என்னவென்றால் அவரின் ஊர் மட்டக்களப்பு, தூரமாக இருக்கிறது. "அண்ணாவை விட்டிட்டு அவ்வளவு தூரம் எப்பிடியம்மா போறது? உங்களுக்கும் வயசு போகுது" என்றாய். வயது போகிறதுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். முழங்கால் இரண்டும் மழைக்கு முதல் நாளே எனக்குச் செய்தி சொல்கின்றன. இரத்தத்தில் சீனியும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் அதற்காக ஒரு பெண் தன் கலியாணத்தை விட்டுவிட்டு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்து என் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? வருகிற ஞாயிறு பூசையில் உங்கள் கலியாண அறிவித்தல் முதல் தரம் வாசிக்க வேண்டும். வாசிப்பதா விடுவதா என்று சனிக்கிழமைக்குள் சொல்லுங்கோ என்று பங்குச் சுவாமி கேட்டிருக்கிறார். நீ முடிவு சொல்ல முன், உன் பதினாறாவது பிறந்தநாளை உனக்கு ஒருக்கால் ஞாபகப்படுத்த வேண்டும். அன்று நடந்ததில் பாதியை நீ பார்க்கவில்லை. நீ மேலே சுற்றிக்கொண்டிருந்தாய்.

அதற்கு முதல் உன் அண்ணாவைப் பற்றி. அன்ரன் பிறந்த அடுத்த நாள் டொக்டர் வந்து அவன் நிலைமைக்கு ஒரு இங்கிலிஷ் பெயர் சொன்னார். இவன் எல்லாவற்றுக்கும் மெதுவாகத்தான் வருவான், சிலவற்றுக்கு வரவே மாட்டான் என்றார். நான் மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்தேன். ஒவ்வொரு ஆவணித் திருவிழாவுக்கும் அவனைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டில் கொட்டில் போட்டுத் தங்கி, இவனுக்கு வாய் திறக்க வேண்டும் என்று அழுதேன். நாலு வயது முடிந்து அவன் வாயைத் திறந்தபோது சொன்ன முதல் சொல் "மீன்". அம்மாவும் இல்லை, மாதாவும் இல்லை. உன் அப்பாவுக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டும், கரை முழுக்கச் சொல்லித் திரிந்தார். அந்த வருஷம்தான் நீ பிறந்தாய்.

நீ நடக்கத் தொடங்கியதிலிருந்து எது கொடுத்தாலும் "அண்ணாவுக்கு?" என்று கேட்பாய். டொபி கொடுத்தால் பாதி கடித்துப் பாதியை அவன் வாயில் வைப்பாய். பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவுக்கு அவனைக் கூட்டிப்போக விடவில்லை என்று நீயும் போகாமல் நின்றாய். ஊரில் எல்லாரும் உன்னைப் புகழ்ந்தார்கள். நானும் கேட்டுக்கொண்டு குளிர்ந்துபோய் இருந்தேன். ஒரு தாய்க்கு அதைவிட என்ன வேண்டும்? அந்தப் பாதிப் பங்கு அவனுக்கும் உண்மையில் வேண்டுமா என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. உனக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது, அவனுக்கு டொபி பிடிக்காது. நீ அங்கால் போனதும் துப்பிவிடுவான்.

அவனுக்குப் பிடித்தது கரைவலை. பள்ளிக்கூடம் சரிவரவில்லை என்று ஆனதும் அப்பா அவனைக் காலையில் தன்னோடு கரைக்குக் கூட்டிப் போனார். நீ புத்தகப் பிள்ளை, அந்த நேரத்தில் கரைக்கு வந்ததே குறைவு. அதனால் சொல்கிறேன். கரைவலை வள்ளம் கடலுக்குள் இறங்கும்போது கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டுவிட்டுத்தான் இறங்கும். வலையைப் போட்டுக்கொண்டே வளைந்து சுற்றி, கொஞ்சம் தள்ளி மற்றத் தலைப்போடு கரைக்குத் திரும்பும். அது திரும்பும்வரை முதல் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கரையில் ஒருவர் நிற்க வேண்டும். முளையடித்துக் கட்டினாலும் அது நடக்கும். ஆனால் எங்கள் சம்மாட்டியார், வலைக்குச் சொந்தக்காரர், நல்ல மனுசன், "முளையை விட அன்ரன் உறுதி" என்று சொல்லி அந்த வேலையை அவனுக்குக் கொடுத்தார். கயிற்றை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி, குதிக்காலை மணலில் புதைத்து, கொஞ்சம் பின்னுக்குச் சாய்ந்து நிற்பான். வள்ளம் கண்ணுக்கு மறைந்தாலும் அசையமாட்டான். காகம் தலையில் இருந்தாலும் அசையமாட்டான். வள்ளம் கரை தட்டி, கடைசி ஆள் இறங்கி மணலில் கால் வைத்த பிறகுதான் "வந்திட்டுது" என்று சொல்லிக் கயிற்றை மற்றவர்களிடம் கொடுப்பான். பிறகு எல்லாரோடும் சேர்ந்து இழுப்பான். வீட்டுக்கு வரும்போது அவன் பங்கு மீன் ஒரு பையில் இருக்கும். அதை என் கையில் தரும்போது அவன் நிற்கிற நிலையைப் பார்த்தால் கந்தோரால் வருகிற பெரிய உத்தியோகத்தர் என்று நினைப்பாய்.

இனிப் பிறந்தநாள். சண்டை முடிந்து கொழும்புப் பாதையில் மறிப்புகள் எடுபட்ட காலம் அது. பதினாறு வயதாகிறதே, என்ன வேண்டும் என்று அப்பா கேட்டார். நான் நல்ல சட்டை ஒன்றைக் கேட்பாய் என்று நினைத்தேன். நீ டிவி விளம்பரத்தில் வருகிற, கொழும்புப் பக்கம் இருக்கிற அந்தப் பெரிய பார்க்குக்குப் போக வேண்டும் என்றாய். கதிரைகள் வானத்தில் சுற்றுகிற இடம். "அண்ணாவும் வரவேணும்" என்றாய். பக்கத்து வீட்டுச் சித்தப்பா தன் வான் வண்டியை எடுத்தார். விடியப் புறத்தில் எங்கள் தீவுப் பாலம் தாண்டி, உயிலங்குளத்து வயல் வெளியில் பனி விலக முன்னமே போய்விட்டோம். மடுச் சந்தியில் வானை நிறுத்தி ஒரு அருள்நிறை மரியே செபம் சொன்னோம். அன்ரன் யன்னலால் ஒவ்வொரு குளத்தையும் பார்த்து "கடல்" என்றான். அப்பா ஒவ்வொரு முறையும் "இல்லையடா, குளம்" என்றார். கடைசியில் புத்தளத்தில் உண்மையான கடல் வந்தபோது அவன் "குளம்" என்றான். நீ சிரித்துச் சிரித்து வயிறு நோகுது என்றாய்.

வாசலில் பையைத் திறந்து பார்த்தார்கள். வெளிச் சாப்பாடு கொண்டுபோக விடமாட்டார்களாம். நான் பிட்டும் பொரித்த விளைமீனும் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். வாசலில் நின்ற பெடியன் மூக்கைச் சுளித்தான். எனக்கு வந்த கோபத்தில் அவனுக்கே ஒரு துண்டைக் கொடுத்துச் சாப்பிடடா என்று சொல்லியிருப்பேன். அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வான் நிற்கிற இடத்தில் வெயிலுக்குள் நின்று எல்லாரும் சாப்பிட்டுவிட்டு உள்ளே போனோம். உள்ளே போனதும் நீ வாயைத் திறந்தபடி நின்றாய். தண்டவாளத்தில் ஏறி, உச்சியில் வளைந்து, மரங்களுக்குப் பின்னால் மறைந்து, மற்றப் பக்கத்தால் சுற்றிக்கொண்டு வந்து நிற்கிற அந்தக் குட்டி ரயிலைத்தான் நீ ஆசைப்பட்டது. வரிசையில் அண்ணாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். கிட்டப் போனதும் அவன் மேலே பார்த்தான். கையை உதறினான்.

"நான் ஏறமாட்டன்."

"பயமில்லை அண்ணா, நான் பக்கத்தில இருக்கிறன்."

"ஏறமாட்டன்."

"அப்ப நானும் ஏறேல்லை" என்று சொல்லி வரிசையை விட்டு வந்து அங்கே கிடந்த மர வாங்கில் குந்திவிட்டாய். அப்பா சொல்லியும் கேட்கவில்லை, நான் ஏசியும் கேட்கவில்லை. "அண்ணா இல்லாமல் எனக்கு ஒண்டும் வேண்டாம்" என்றாய். அவ்வளவு தூரம் வந்து, பிறந்தநாளும் அதுவுமாக, ஒரு சுற்றுக்கூடச் சுற்றாமல் மூஞ்சியை நீட்டிக்கொண்டு இருக்கிறாய். உன் கண் மட்டும் அந்த ரயிலை விட்டு எடுபடவில்லை. எனக்கு உன்னைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, முதுகில் ஒன்று போட வேண்டும் போலவும் இருந்தது. அப்பா ஐஸ்கிறீம் வாங்கினால் சரிவரும் என்று போய்விட்டார். அவருக்கு எல்லாத் துக்கத்துக்கும் ஐஸ்கிறீம்தான் மருந்து.

அன்ரன் ரயிலையே பார்த்துக்கொண்டு நின்றான். அது போகிறதைப் பார்த்தான், மறைகிறதைப் பார்த்தான், மற்றப் பக்கத்தால் வருகிறதைப் பார்த்தான். ஆட்கள் இறங்குகிறதைப் பார்த்தான். பிறகு உன்னிடம் வந்து தோளில் தட்டி, "போ. நான் பிடிக்கிறன்" என்றான். நீ உன் பையைப் பிடிக்கிறேன் என்கிறான் என்று நினைத்தாய். பையையும் செருப்பையும் அவனிடம் கொடுத்துவிட்டு, "உண்மையா போகட்டோ?" என்று இரண்டு தரம் கேட்டாய். "நீ போவன்!" என்று கத்தினான். நீ ஓடிவிட்டாய். இதற்குப் பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியாது.

நீ போனதும் அவன் பையையும் செருப்பையும் என் மடியில் போட்டான். வரிசைக்குப் பக்கத்தில் ஆட்கள் குறுக்கே போகாமல் ஒரு நீல நைலோன் கயிறு கட்டியிருந்தது. எங்கள் கரையில் கிடக்கிற அதே கயிறு. அவன் போய் அந்தக் கயிற்றின் தலைப்பைக் கம்பியிலிருந்து கழற்றினான். இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றினான். குதிக்காலை ஊன்றிப் பின்னுக்குச் சாய்ந்து நின்றான். அங்கால் கட்டியிருந்த மற்றத் தூணும் சேர்ந்து சாய்ந்தது. வரிசையில் நின்ற சனம் கலைந்தது, சின்னப் பிள்ளைகள் கயிற்றுக்குக் கீழால் ஓடின. காவல்காரர் ஒருவர் விசிலடித்துக்கொண்டு ஓடி வந்தார். "மல்லி, அதாரின்ன, அதாரின்ன" என்று சிங்களத்தில், தம்பி விடு என்று சொல்லிக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். இவன் இன்னும் சாய்ந்தான். வெட்கத்தில் எனக்கு உயிர் போய்விட்டது. சுற்றி நின்ற சனம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் கதைத்தார்கள். நான் போய் அவன் கையில் அடித்தேன். "விடடா! எல்லாரும் பாக்கினம், விடு!" என்று பிடித்து இழுத்தேன். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. மரங்களுக்குப் பின்னால் நீ மறைந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த நேரம் அப்பா கையில் ஐஸ்கிறீம்களோடு வந்து நின்றார். ஒரு நிமிஷம் பார்த்தார். "விடும் அவனை" என்றார் எனக்கு. "அவன் கயிறல்லோ பிடிச்சுக்கொண்டு நிக்கிறான்."

"என்ன கயிறு? உங்களுக்கும் விசரே?"

"பிள்ளை கடலுக்க போயிருக்கிறாள். திரும்பி வாறதுக்கு ஆரும் பிடிக்க வேணுமல்லோ" என்றார்.

ஐஸ்கிறீம்களை என் கையில் திணித்துவிட்டு, அப்பா காவல்காரருக்குத் தன் ஓட்டைச் சிங்களத்தில் விளங்கப்படுத்தத் தொடங்கினார். சொல் வராத இடத்தில் கையால் வள்ளம் ஓட்டிக் காட்டினார். "மா தெல, மா தெல" என்றார். சிங்களத்தில் கரைவலைக்கு அதுதான் பேர். அந்த மனுசன் சிலாபத்துக் கரைப் பக்கத்து ஆள்போல. அந்தச் சொல்லைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. அன்ரனின் இடுப்பில் கயிறு சுற்றியிருந்த விதத்தைப் பார்த்தார், காலை ஊன்றியிருந்த விதத்தைப் பார்த்தார். சிரித்துவிட்டார். கயிற்றை விட்டுவிட்டு, சாய்ந்த தூணைத் தான் பிடித்துக்கொண்டு, வரிசையில் நின்ற சனத்தைக் கொஞ்சம் பின்னுக்குப் போகச் சொன்னார். அப்பா போய் அன்ரனுக்குப் பின்னால் நின்று கயிற்றில் கை வைத்தார். மூன்று ஆம்பிளைகளும் அப்படியே நிற்கிறார்கள். நான் உருகி வழிகிற ஐஸ்கிறீமோடு நிற்கிறேன். நீ தலைவிரிகோலமாக, கத்திக்கொண்டு, மற்றப் பக்கத்தால் வந்து சேர்ந்தாய்.

நீ இறங்கிக் கால் நிலத்தில் பட்டதும் அவன் "வந்திட்டுது" என்று கயிற்றைக் கழற்றிக் காவல்காரர் கையில் கொடுத்தான். நீ வந்து அவனைக் கட்டிப்பிடித்து, "அண்ணா, மேலயிருந்து உன்னைப் பாத்தனான்! கை காட்டினனான்!" என்றாய். அவன் "இன்னொருக்காப் போ" என்றான். நீ பிறகு எத்தனை தரம் போனாய் என்று எனக்குத் தெரியாது, ஒவ்வொரு தரமும் அவன் கயிற்றைப் பிடித்தான். பின்னேரம் வெளிக்கிட முன், "நீயும் ஒருக்கா ஏறிப் பாரன்டா, அப்பா கூட வாறன்" என்று அப்பா கேட்டார். அவன் அப்பாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, மடையனைப் பார்க்கிற பார்வை. "நான் ஏறினா ஆர் பிடிக்கிறது?" என்றான்.

வானில் வரும்போது நீ அவன் தோளில் நித்திரையாகிவிட்டாய். அப்பா மெதுவாக எனக்குச் சொன்னார், "இவனை நாங்கள் விட்டிட்டுப் போறம் எண்டு நினைக்கிறம். அவன், தான் எங்களை அனுப்பிவிடுறதா நினைக்கிறான்." அப்பா உயிரோடு இருந்தால் இந்தக் கடிதம் அவர் எழுத வேண்டியது. இரண்டு வரியில் முடித்திருப்பார். நான் நீட்டி முழக்குகிறேன்.

இனி என் விஷயம். போன கிழமை உன் போனுக்குப் பிறகு நானும் சித்தப்பாவும் சித்தியும் இருந்து கதைத்தோம். எனக்குப் பிறகு அன்ரன் எங்கே இருப்பது, ஆர் சாப்பாடு கொடுப்பது, ஆர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது என்று எல்லாம். சித்தி ஒரு சொல்லில் சொன்னா, "மதிலை இடிச்சா இது ஒரே வீடு. இதில என்ன கதை?" என்று. நீயும் நிக்சன் தம்பியும் வந்து பார்ப்பீர்கள், அவனும் உங்களிடம் வந்து நிற்பான். இதெல்லாம் கஷ்டமில்லை என்று நான் சொல்லவில்லை. கஷ்டம்தான், சில நாள் எனக்கும் அழுகை வரும். ஆனால் கதைத்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது, நாங்கள் எல்லாரும் அவனைப் பற்றிக் கதைத்தோமே தவிர ஒருவரும் அவனோடு கதைக்கவில்லை. நீயும் கதைக்கவில்லை, பிள்ளை. டொபி கொடுத்த மாதிரித்தான் இதையும் செய்யப் பார்க்கிறாய். உன் கலியாணத்தைப் பாதி கடித்து அவன் வாயில் வைக்கிறாய்.

அதனால் நான் கேட்டேன். மத்தியானம் சாப்பிடும்போது, "அன்ரன், தங்கச்சி கலியாணம் வேண்டாமாம். உன்னை விட்டிட்டுத் தூரத்துக்குப் போகமாட்டாளாம்" என்றேன். அவனுக்குக் கோபம் வருவது குறைவு என்று உனக்குத் தெரியும். அன்று வந்தது. சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டான்.

"ஏன் போகமாட்டாள்?"

"உன்னை நினைச்சுத்தான்."

"நான் கரையில நிக்கிறன்தானே!" என்றான். சொன்ன சத்தத்துக்குச் சித்தி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தா. பிறகு அவன் "எப்ப திரும்பி வருவாள்?" என்று கேட்டான். மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கு வருவாள், மடுத் திருவிழாவுக்கு வருவாள் என்றேன். தலையை ஆட்டினான். கோப்பையை இழுத்து மிச்சத்தைச் சாப்பிட்டு முடித்தான். அவனுக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த நாள் கரையால் வரும்போது மீன் பையோடு ஒரு கட்டு நீலக் கயிறும் கொண்டுவந்தான். சம்மாட்டியாரிடம் கேட்டு வாங்கினதாம். "எதுக்கடா?" என்றேன். "தங்கச்சிக்கு" என்றான். அதைக் கொண்டுபோய்த் தெருப் படலையில் கட்டி, மற்றத் தலைப்பை வாசல் கதிரையில் வைத்திருக்கிறான். நான் கூட்டும்போது கழற்றினால் ஏச்சு விழுகிறது. பின்னேரங்களில் வந்து கதிரையில் இருந்து அதைக் கையில் எடுத்துப் பாலத்துப் பக்கம் போகிற றோட்டைப் பார்க்கிறான். வருகிற போகிறவர்கள் என்ன அன்ரன் என்று கேட்கிறார்கள். தங்கச்சி மட்டக்களப்புக்குப் போகிறாள் என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டான். சுவாமி வாசிக்க முன்னமே இவன் வாசித்து முடித்துவிட்டான்.

உன்னைப் போ என்று தள்ளுகிறேன் என்று நினைக்காதே. நீ போனால் இந்த வீடு எனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தாலே சோறு இறங்கவில்லை. நிக்சன் தம்பியை உனக்கு உண்மையில் பிடிக்கவில்லை என்றால் அதைச் சொல், இன்றைக்கே சுவாமியிடம் போகிறேன். ஆனால் அண்ணாவைச் சாட்டாதே. அன்றைக்கு வாங்கில் இருந்தபோது உன் கண் எங்கே இருந்தது என்று நான் பார்த்தவள். போனில் நிக்சன் தம்பியின் பேரைச் சொல்லும்போது உன் குரலும் அங்கேதான் இருக்கிறது.

இன்றைக்குக் காலையும் கரைக்கு இறங்க முன் அவன் வந்து என் முன்னால் நின்றான். "அம்மா, அவள் இன்னும் ஏறேல்லையோ?" என்று கேட்டான். நான் தேத்தண்ணியைக் கொடுத்தேன். சனிக்கிழமை சுவாமிக்கு ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். இவன் கையில் கயிற்றோடு நிற்கிறான், இவனுக்கு என்ன சொல்லட்டும், பிள்ளை?

அம்மா